2021 வி.லீக்: சாம்பியன் இல்லாத சீசன்

கேள்வி இதுதான்: வியட்நாமின் முதல் டிவிஷன் கால்பந்து லீக்கான வி.லீக் 1-இன் சாம்பியன் பட்டியலில் 2020க்கு நேரே வியட்டெல் என்றும், 2022க்கு நேரே ஹனோய் எஃப்சி என்றும் இருக்கிறது. நடுவில் 2021 மட்டும் காலி. அந்த வருடம் முதலிடத்தில் இருந்தது ஹோவாங் ஆன் ஜியா லாய். அந்த அணிக்கே கோப்பையைக் கொடுத்திருக்கலாமே, ஏன் கொடுக்கவில்லை? அப்புறம், சாம்பியனே இல்லாதபோது அடுத்த ஆண்டு ஆசிய சாம்பியன்ஸ் லீக்கில் அதே ஜியா லாய் எப்படி ஆடியது?

முதலில் நேரடியான பதில். கோவிட் காரணமாக சீசன் 12 சுற்றுகளோடு நின்றது. 2021 ஆகஸ்ட் பிற்பாதியில் வியட்நாம் கால்பந்து சம்மேளனம் அதை ரத்து செய்தது. பட்டமும் இல்லை, கீழ் டிவிஷனுக்கு இறக்கமும் இல்லை. அது சரியான முடிவு என்பதுதான் என் கருத்து. ஜியா லாயை மிகவும் நேசிப்பவன் என்ற முறையிலேயே இதைச் சொல்கிறேன். ஆனால் பட்டியலில் அந்த இடம் காலியாக இருப்பதால் அந்த வருடம் ஒன்றுமே நடக்கவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. கடந்த பதினைந்து ஆண்டு வியட்நாம் கிளப் கால்பந்தைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு சீசனைத்தான் படிக்கலாம் என்றால், நான் இந்த முடியாத சீசனைத்தான் கொடுப்பேன்.

நின்றபோது இருந்த நிலையைப் பார்ப்போம். ஜியா லாய் 12 ஆட்டம், 29 புள்ளி: 9 வெற்றி, 2 டிரா, 1 தோல்வி. இரண்டாவது இடத்தில் நடப்பு சாம்பியன் வியட்டெல், 26 புள்ளி. அதற்குக் கீழே இருந்தவர்கள் வெகுதூரம் பின்தங்கியிருந்தார்கள். அந்த வருடப் போட்டி அமைப்பு வழக்கமானது அல்ல. மொத்தம் 14 அணிகள். எல்லோரும் எல்லோரோடும் ஒரு முறை மட்டும் ஆட வேண்டும், அது 13 சுற்று. அதன்பிறகு முதல் 6 அணிகள் பட்டத்துக்காகவும், மீதி 8 அணிகள் இறக்கத்தைத் தவிர்க்கவும் தனித்தனியாகப் பிரிந்து தங்களுக்குள் ஒரு முறை ஆட வேண்டும். முதல் கட்டத்தில் எடுத்த புள்ளிகள் அப்படியே தொடரும். 2020இல் கோவிட் இடைவெளியால் அவசரமாகக் கொண்டுவந்த முறை இது. 2021இல் தேசிய அணிக்கு உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று இருந்ததால், நாட்களை மிச்சப்படுத்த அதையே சிறிது மாற்றி வைத்துக்கொண்டார்கள்.

ஆக, சாம்பியன் ஆகப்போகும் அணிக்கு அந்த வருடம் மொத்தமே 18 ஆட்டங்கள்தான். அதில் 12 முடிந்துவிட்டது. முதல் கட்டம் நிறைவடைய ஒரே ஒரு சுற்று பாக்கி. "மூன்றில் இரண்டு பங்கு முடிந்துவிட்டதே" என்று ஜியா லாய் ரசிகர்கள் இன்றும் ஆதங்கப்படுவது இந்தக் கணக்கை வைத்துத்தான். அந்த ஆதங்கம் எவ்வளவு ஆழமானது என்று புரிய வேண்டுமானால், அந்த அணி எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும்.

ஜியா லாய் என்பது மத்திய மேட்டுநிலத்தில், காப்பித் தோட்டமும் ரப்பர் தோட்டமும் நிறைந்த ஒரு மாகாணம். 2025இல் மாகாண எல்லைகள் மாறும்வரை அதன் தலைநகர் பிளெய்கு. அங்கே மரச்சாமான் தொழிலில் தொடங்கி வளர்ந்த தோவான் நுயென் தூக் என்ற தொழிலதிபர், 2001இல் மாகாண அணியை எடுத்துக்கொண்டார். ரசிகர்கள் அவரை பாவ் தூக் என்பார்கள். கிளப் முதலாளிகள் எல்லோருக்கும் அங்கே இந்த "பாவ்" என்ற அடைமொழி உண்டு. 2002இல், அணி இன்னும் இரண்டாம் டிவிஷனில் இருக்கும்போதே, தாய்லாந்தின் மிகப் பெரிய நட்சத்திரமான கியாட்டிசுக் செனாமுவாங்கை அவர் பிளெய்குவுக்கு அழைத்து வந்தார். தென்கிழக்கு ஆசியாவே அன்று வாய்பிளந்தது. அணி மேலே ஏறி 2003, 2004 இரண்டு ஆண்டும் லீக்கை வென்றது.

அதன்பிறகு பாவ் தூக் இன்னும் பெரிய காரியம் ஒன்றைச் செய்தார். 2007இல் ஆர்சனல் கிளப்போடும் பிரெஞ்சுக்காரர் ஜான்-மார்க் கியூவின் ஜேஎம்ஜி அகாடமியோடும் சேர்ந்து பிளெய்குவில் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். நாடு முழுக்கத் தேர்வு வைத்து, ஆயிரக்கணக்கான சிறுவர்களிலிருந்து ஒரு கையளவு பேரை எடுத்தார்கள். ஜேஎம்ஜி முறையில் பிள்ளைகள் முதலில் வெறுங்காலோடுதான் பழகுவார்கள். பந்தின் தொடுகை பாதத்துக்குள் இறங்கிய பிறகே ஷூ. கூடவே படிப்பு, ஆங்கிலம், ஒழுங்கு. ஊழலும் ஆட்ட நிர்ணயமும் பெயரைக் கெடுத்து வைத்திருந்த ஒரு கால்பந்து நாட்டில், இது வேறு உலகத்து விஷயமாக இருந்தது.

அந்த முதல் தொகுதிதான் கோங் ஃபுவோங், சுவான் ட்ருவோங், துவான் ஆன், வான் தோவான், வான் தான், ஹோங் டுய் எல்லோரும். கோங் ஃபுவோங்கின் கதை மட்டும் தனியாகச் சொல்லத் தகுந்தது. நே ஆன் மாகாணத்தின் ஏழைக் குடும்பத்துப் பையன். சொந்த மாகாண கிளப்பான சோங் லாம் நே ஆன் தேர்வில் அவனை எடுக்கவில்லை. பிளெய்குவில் எடுத்தார்கள். 2013இல் இந்தப் பையன்களை முதுகெலும்பாகக் கொண்ட 19 வயதுக்குட்பட்ட வியட்நாம் அணி, ஆஸ்திரேலியாவை 5-1 என்று உடைத்தது. அன்றிலிருந்து அவர்கள் தேசத்தின் பிள்ளைகள் ஆகிவிட்டார்கள்.

2015 சீசனுக்கு பாவ் தூக் துணிந்து ஒரு காரியம் செய்தார். பழைய வீரர்களில் பெரும்பாலோரை அனுப்பிவிட்டு, பத்தொன்பது இருபது வயதுப் பையன்களையே முதல் அணியாக இறக்கினார். ஜனவரி 4ஆம் தேதி பிளெய்குவில் முதல் ஆட்டம். கான் ஹோவா அணியை 4-2 என்று வென்றார்கள், கோங் ஃபுவோங் கோல் அடித்தார். கூட்டம் பைத்தியமானது. ஆனால் லீக் என்பது நீண்ட விஷயம். உடம்பு பலமுள்ள, அனுபவமுள்ள அணிகள் அவர்களை இடித்துத் தள்ளின. 14 அணிகளில் 13ஆம் இடத்தில் முடித்து, மயிரிழையில் தப்பினார்கள். அதன்பிறகு 2020 வரை ஒரு முறைகூட முதல் மூன்று இடத்துக்குள் வரவில்லை. அழகாகப் பாஸ் செய்வார்கள், ஆட்டத்தின் கடைசியில் கோல் வாங்குவார்கள். நட்சத்திரங்கள் ஒவ்வொருவராக ஜப்பான், கொரியா, தாய்லாந்து, பெல்ஜியம் என்று போய், பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்து திரும்பினார்கள். தேசிய அணியில் கொரியப் பயிற்சியாளர் பார்க் ஹாங்-சியோவின் கீழ் இதே பையன்களில் பலர் நாட்டையே தெருவுக்கு இறக்கிக் கொண்டாட வைத்தார்கள். கிளப்புக்கு மட்டும் ஒரு கோப்பையும் வரவில்லை.

சரி, 2021க்கு வருவோம். 2020 கடைசியில் பாவ் தூக் மீண்டும் கியாட்டிசுக்கை அழைத்தார், இம்முறை பயிற்சியாளராக. இடைப்பட்ட காலத்தில் அவர் தாய்லாந்து தேசிய அணியை 2014, 2016 என இரண்டு முறை தென்கிழக்கு ஆசிய சாம்பியன் ஆக்கியிருந்தார். கோங் ஃபுவோங்கும் ஹோ சி மின் நகர அணியிலிருந்து வீடு திரும்பினார். ஒரே நேரத்தில் அந்தத் தலைமுறை முழுவதும், இருபத்தைந்து இருபத்தாறு வயதில், உடம்பும் புத்தியும் கனிந்த பருவத்தில், ஒரே சட்டையில் நின்றது. அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு சமயம் வாய்க்கவில்லை.

ஜனவரி 15ஆம் தேதி சீசன் தொடங்கியது. கியாட்டிசுக்கின் முதல் ஆட்டம் தோல்வி. சைகோன் எஃப்சியிடம் 0-1. அந்த ஒரு தோல்விதான். அடுத்த 11 ஆட்டங்களில் அவர்கள் தோற்கவே இல்லை.

என்ன மாறியது? பலர் "ஜிகோ வந்தார், உற்சாகம் வந்தது" என்பதோடு முடித்துக்கொள்வார்கள் (கியாட்டிசுக்குக்கு "தாய் ஜிகோ" என்று பட்டப்பெயர்). உற்சாகம் உண்மைதான், ஆனால் அது பாதிக் காரணம். பாஸிங்கை அவர் கைவிடவில்லை. அதற்குப் பின்னால் ஒரு சுவரைக் கட்டினார். தற்காப்பின் நடுவில் கொரியரான கிம் டாங்-சு. கோல் போஸ்ட்டில் குவாங் நின் கிளப்பிலிருந்து வந்த ஹுயின் துவான் லின். நடுக்களத்தில் துவான் ஆன் பந்தைப் பறித்து அமைதியாக வெளியே எடுப்பார், சுவான் ட்ருவோங் நீண்ட பந்தைப் போடுவார். முன்னால் பிரேசில்காரர் வாஷிங்டன் பிரண்டாவ் உடம்பால் தற்காப்பாளர்களைக் கட்டிப்போட, அந்த இடைவெளியில் வான் தோவான் ஓடுவார், கோங் ஃபுவோங் வெட்டி உள்ளே வருவார். பழைய ஜியா லாய் ஒரு கோல் முன்னிலையில் இருந்தால் இரண்டாவது கோலுக்குப் போய் மாட்டிக்கொள்ளும். இந்த ஜியா லாய் 1-0 என்று ஆட்டத்தை முடிக்கத் தெரிந்த அணி. என்னைப் பொறுத்தவரை அந்த சீசனின் மிகப் பெரிய செய்தி இதுதான். அழகாக ஆடும் பையன்கள் ஜெயிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

ஏப்ரலில் ஹனோய் எஃப்சி பிளெய்குவுக்கு வந்தது. அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் லீக்கை ஆண்ட அணி அது. சுமார் 12,000 பேர் கொள்ளும் மைதானத்துக்கு அதைவிடப் பெரிய கூட்டம் வந்தது. பக்கத்து மாகாணங்களிலிருந்தெல்லாம் பஸ்ஸிலும் மோட்டார் சைக்கிளிலும் வந்தார்கள். இடம் கிடைக்காதவர்கள் களத்தின் ஓரக்கோடு வரை இறங்கி உட்கார்ந்தார்கள். ஜியா லாய் 1-0. வி.லீக்கில் வழக்கமாக எத்தனை காலி இருக்கைகள் இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத்தான் அந்தக் காட்சியின் மதிப்பு தெரியும்.

மற்ற அணிகளைக் கொஞ்சம் வேகமாகப் பார்த்துவிடலாம். ஹனோய் முதல் சுற்றிலேயே நாம் தின்னில் 0-3 என்று தோற்று, எழுந்திருக்கத் தடுமாறி, ஏப்ரல் தொடக்கத்தில் பயிற்சியாளர் சூ தின் நியெம்மை மாற்றி, பின்னர் கொரியர் பார்க் சூங்-கியூனைக் கொண்டுவந்தது. சைகோன் எஃப்சி தன்னை ஜப்பான் பாணியில் மாற்றிக்கொள்ள ஆசைப்பட்டு, 2010 உலகக் கோப்பையில் ஜப்பானுக்கு ஆடிய டைசுகே மட்சுயியைக் கூட்டி வந்தது. பெயர் பெரிது, பலன் சிறிது. ஹோ சி மின் நகர அணிக்கு அமெரிக்காவில் பல ஆண்டுகள் ஆடிய லீ நுயென் திரும்பி வந்தார்.

வேகமாகக் கடக்க முடியாத ஒன்று உண்டு. மார்ச் 23, ஹோ சி மின் நகரின் தொங் நியாட் மைதானம். ஹனோய் நடுக்கள வீரரும் 2019ஆம் ஆண்டின் நாட்டுச் சிறந்த வீரருமான தோ ஹுங் டுங்கின் கால், ஹோ சி மின் அணியின் ஙோ ஹோவாங் தின் செய்த டாக்கிளில் முறிந்தது. கணுக்காலுக்கு மேலே இரண்டு எலும்பும் போயிற்று. ஒழுங்குக் குழு ஹோவாங் தின்னுக்கு 2021 முடியும்வரை தடையும் 4 கோடி டாங் (வியட்நாம் நாணயம்) அபராதமும் விதித்தது. ஹுங் டுங் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஆட முடியாமல் போனார். வி.லீக்கில் முரட்டு ஆட்டம் பழைய நோய். ஒவ்வொரு சில ஆண்டுக்கும் ஒரு கால் முறியும், எல்லோரும் கோபப்படுவார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள். ஹுங் டுங் மீண்டு வந்தார். 2022 மே மாதம் ஹனோயில் நடந்த தென்கிழக்கு ஆசிய விளையாட்டில் 23 வயதுக்குட்பட்டோர் அணியின் மூத்த வீரராக நின்று தங்கம் வாங்கினார்.

இனி கோவிட். இங்கே ஒரு பின்னணி முக்கியம். 2020இல் வியட்நாம் தொற்றை உலகமே வியக்கும்படி கட்டுப்படுத்தியது. 2020 மே கடைசியில், ஐரோப்பாவில் காலி மைதானங்களில் ஆடிக்கொண்டிருந்தபோது, நாம் தின்னின் தியென் ட்ருவோங் மைதானத்தில் முகக்கவசமில்லாத ஆயிரக்கணக்கானோர் அமர்ந்து தேசியக் கோப்பை ஆட்டம் பார்த்தார்கள். எதிரணி இதே ஜியா லாய்தான். 2021 ஏப்ரல் கடைசி வரை அந்த நாட்டில் கோவிட் சாவு மொத்தமே 35. ஆகவே 2021 சீசன் ஆரம்பித்தபோது, சில வாரம் தள்ளிப்போகும், பிறகு ஆடிவிடலாம் என்ற நம்பிக்கை எல்லோரிடமும் இருந்தது. ஜனவரி கடைசியில் ஹாய் துவோங் மாகாணத்தில் தொற்று பரவி லீக் இரண்டே சுற்றோடு நின்றபோதும் அப்படித்தான் நடந்தது. மார்ச் 13இல் மீண்டும் தொடங்கி, ஏழு வாரத்தில் பத்து சுற்றை ஓட்டினார்கள். ஜியா லாய் தன் வெற்றிகளில் பெரும்பாலானவற்றைக் குவித்தது இந்த ஏழு வாரத்தில்தான்.

ஏப்ரல் 27க்குப் பிறகு வந்த நான்காவது அலை வேறு வகை. டெல்டா. மே தொடக்கத்தில் லீக் நின்றது. ஜூலை 9 முதல் ஹோ சி மின் நகரம் கடும் ஊரடங்கில். ஆகஸ்ட் 23 முதல் வீட்டை விட்டு வெளியேறவே தடை, வீடுகளுக்குச் சாப்பாட்டுப் பொருளை ராணுவம் கொண்டுபோய்க் கொடுத்தது. ஏப்ரலில் 35 என்று இருந்த சாவுக் கணக்கு ஆண்டு இறுதியில் 32,000ஐத் தாண்டியது. மாகாணத்திலிருந்து மாகாணத்துக்கு லாரி போவதே சிக்கலாக இருந்த நாட்டில், 14 அணிகள் ஊர் ஊராகப் போய் ஆடுவது நடக்கிற காரியமா? வடக்கே ஒரே இடத்தில் எல்லா அணிகளையும் கூட்டி ஜூலை கடைசியில் தொடங்கலாம் என்று லீக்கை நடத்தும் விபிஎஃப் நிறுவனம் திட்டம் போட்டது. தொற்று அதற்கு இடம் கொடுக்கவில்லை. அடுத்து, 2022 பிப்ரவரியில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்றார்கள். இதைத்தான் பல கிளப்கள் எதிர்த்தன.

எதிர்ப்புக்குக் காரணம் பணம். வி.லீக் கிளப்புக்கு டிக்கெட்டிலும் தொலைக்காட்சி உரிமத்திலும் வரும் வருமானம் சொற்பம். அவை நடப்பது பெரும்பாலும் முதலாளியின் பணத்தில், அல்லது மாகாண அரசின் பணத்தில், அல்லது ஒரு நிறுவனத்தின் தயவில். வியட்டெல் ராணுவத்தின் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் அணி. ஹனோய்க்குப் பின்னால் டிஅண்ட்டி குழுமம். பின் துவோங் அணிக்குப் பின்னால் அன்று பெகாமெக்ஸ் நிறுவனம். வீரர்களுக்குப் பணம் போகும் விதமும் தனி. மாதச் சம்பளம் ஒரு பகுதிதான். ஒப்பந்தக் கையெழுத்துக்குக் கொடுக்கும் பெருந்தொகையே அவர்களின் உண்மையான வருமானம், அது ஆண்டுக்கு இவ்வளவு என்று பிரித்துத் தரப்படும். அன்று ஒப்பந்தங்கள் சீசனோடு ஆண்டு இறுதியில் முடிந்தன. பிப்ரவரிக்குத் தள்ளினால் ஆட்டமே இல்லாத ஆறேழு மாதத்துக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், வெளிநாட்டு வீரர்களை வைத்துச் சமாளிக்க வேண்டும், ஒப்பந்தம் முடிந்தவர்களுக்கு மறுபடி கையெழுத்துப் பணம் தர வேண்டும். பிப்ரவரியில் களமிறங்கும் அணி மே மாதத்தில் நின்ற அதே அணியாகவும் இருக்காது. அந்த அணியைக் கொண்டு பழைய புள்ளிகளைத் தொடர்வது என்ன நியாயம்?

தேசிய அணியின் நாட்காட்டி இன்னொரு பூட்டு. ஜூனில் அமீரகத்தில் நடந்த தகுதிச் சுற்றில் இந்தோனேசியாவை 4-0, மலேசியாவை 2-1 என வென்று, அமீரகத்திடம் 2-3 எனத் தோற்றாலும், வியட்நாம் வரலாற்றில் முதல்முறையாக ஆசியாவின் இறுதிக்கட்டத் தகுதிச் சுற்றுக்குப் போனது. மலேசியாவுக்கு எதிரான வெற்றி பெனால்ட்டியை வாங்கிக் கொடுத்தது வான் தோவான். அமீரகத்துக்கு எதிராகக் கடைசி நேர கோல் அடித்தது மின் வுவோங். இருவரும் ஜியா லாய்க்காரர்கள். செப்டம்பரிலிருந்து சவூதி, ஆஸ்திரேலியா, ஜப்பான் என்று ஆட்டங்கள் காத்திருந்தன. நாடு முழுவதன் கண்ணும் அங்கேதான். லீக் நின்றதற்காகத் தெருவில் யாரும் பெரிதாக வருந்தவில்லை என்பதை நான் மனவலியோடுதான் சொல்கிறேன். வியட்நாம் கால்பந்தின் அடிப்படைக் குறை இது. தேசிய அணி என்றால் உயிர், கிளப் என்றால் பிறகு பார்க்கலாம்.

இப்போது உங்கள் கேள்வியின் மையம். முதலிடத்தில் இருந்த அணிக்கே கொடுத்திருக்கலாமே?

2020இல் ஐரோப்பா இரண்டு விதமாகவும் செய்து காட்டியது. பிரான்ஸ் லீக்கை நிறுத்தி, சராசரிப் புள்ளியை வைத்து பாரிஸ் கிளப்பான பிஎஸ்ஜிக்குப் பட்டம் கொடுத்தது. நெதர்லாந்து நிறுத்தி, யாருக்கும் கொடுக்கவில்லை. லீக் நிறுத்தப்பட்டபோது பிஎஸ்ஜி வெகுதூரம் முன்னே இருந்தது. நெதர்லாந்தில் அயாக்ஸ், ஏஇசட் என்ற இரு கிளப்களும் ஒரே புள்ளியில், கோல் வித்தியாசம் மட்டுமே பிரித்தது. ஜியா லாய் எந்தப் பக்கம்? மூன்று புள்ளி முன்னிலை, அதாவது ஒரே ஒரு ஆட்டத்தின் தூரம். பாக்கி 6 ஆட்டம், 18 புள்ளி. அந்த ஆறில் ஐந்து, லீக்கின் மிகச் சிறந்த ஐந்து அணிகளோடு. அதில் ஒன்று நிச்சயம் வியட்டெலோடு. அதாவது இந்த அமைப்பில் கடினமான பகுதி முழுவதும் கடைசியில்தான் இருந்தது. "மூன்றில் இரண்டு பங்கு முடிந்தது" என்ற வாதம் எண்ணிக்கையில் சரி, எடையில் சரியில்லை.

இன்னொரு பக்கம் யோசியுங்கள். முதலிடத்துக்குப் பட்டம் என்றால் கடைசி இடத்துக்கு இறக்கம். அன்று கடைசி இடத்தில் இருந்தது சோங் லாம் நே ஆன், கோங் ஃபுவோங்கைச் சிறுவயதில் திருப்பி அனுப்பிய அதே கிளப். வி.லீக் தொழில்முறை ஆனதிலிருந்து ஒருமுறைகூட இறங்காத அணி அது. தேசிய அணிக்கு நிறைய ஆள் அனுப்பிய மாகாணங்களில் நே ஆனும் ஒன்று. இரண்டாம் கட்டத்தில் இன்னும் ஏழு ஆட்டம் அவர்களுக்கு மிச்சம் இருந்தது. அந்த வாய்ப்பைக் கொடுக்காமல் கீழே தள்ளுவது அநியாயம் என்று ஜியா லாய் ரசிகரும் ஒப்புக்கொள்வார். ஒன்றை ஒப்புக்கொண்டால் மற்றதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதனால்தான் பட்டம் கொடுக்காதது சரி என்கிறேன். அந்த முடிவுக்கு வர மூன்று மாதத்துக்கு மேல் எடுத்துக்கொண்டதுதான் தவறு. அந்த மூன்று மாதமும் வீரர்கள், குறிப்பாகச் சின்ன கிளப் வீரர்கள், அடுத்த சம்பளம் வருமா என்று தெரியாமல் கிடந்தார்கள்.

அந்தச் சின்ன கிளப்களில் ஒன்றைப் பற்றிப் பேசாமல் இந்தப் பதிலை முடிக்க எனக்கு மனமில்லை. தான் குவாங் நின். வடகிழக்கில் நிலக்கரிச் சுரங்க மாகாணத்தின் அணி. காம் ஃபா நகர மைதானத்தில் சுரங்கத் தொழிலாளர்களின் கூட்டம் கத்தும் கத்தலுக்கு எதிரணிகள் பயப்படும். 2016இல் தேசியக் கோப்பையை வென்றார்கள். 2020இல் ஆசியாவின் இரண்டாம் நிலை கிளப் போட்டியான ஏஎஃப்சி கோப்பையில் ஆடினார்கள். 2021இல் லீக் நின்றபோதும் அட்டவணையின் மேல்பாதியில் இருந்தார்கள். அவ்வளவும் மாதக்கணக்கில் சம்பளமும் கையெழுத்துப் பணமும் வராமலே ஆடி எடுத்த புள்ளிகள். வீரர்கள் கடிதம் எழுதினார்கள், முறையிட்டார்கள், ஆனாலும் களத்தில் இறங்கி ஓடினார்கள். லீக் ரத்தான சமயத்தில் கிளப்பே செயல்பாட்டை நிறுத்திவிட்டது. கோவிட்தான் அதைக் கொன்றது என்று சொல்வது தவறு. கடன் அதற்கு முன்பே கழுத்துவரை வந்திருந்தது. கோவிட் செய்ததெல்லாம், சீசன் முடியும்வரை இழுத்துப் பிடிக்கும் வாய்ப்பையும் பறித்ததுதான். 2022 லீக்கில் 14க்குப் பதில் 13 அணிகள் இருந்ததற்குக் காரணம் இதுவே. அந்த 2022இல் கடைசி இடம் பிடித்த சைகோன் எஃப்சியும் இறங்கியதோடு கலைந்துபோனது. இரண்டு ஆண்டுக்குள் இரண்டு முதல் டிவிஷன் கிளப்கள். 2021இன் உண்மையான இழப்பு எது என்று என்னைக் கேட்டால், ஜியா லாய்க்குக் கிடைக்காத கோப்பையைவிட காம் ஃபாவில் அடங்கிப்போன அந்த மைதானத்தைத்தான் முதலில் சொல்வேன்.

ஆசிய சாம்பியன்ஸ் லீக் விஷயம் எளிது. பட்டம் இல்லாவிட்டாலும் ஆசியப் போட்டிகளுக்கு யாரையாவது அனுப்ப வேண்டும். அதற்கு மட்டும் நின்ற இடத்து அட்டவணையை அளவுகோலாக எடுத்துக்கொண்டார்கள். ஜியா லாய் சாம்பியன்ஸ் லீக்குக்கும் வியட்டெல் ஏஎஃப்சி கோப்பைக்கும் போயின. 2022 ஏப்ரலில் ஹோ சி மின் நகரின் தொங் நியாட் மைதானத்திலேயே ஜியா லாயின் குழு ஆட்டங்கள் நடந்தன. எதிரில் கொரிய சாம்பியன் ஜியோன்புக், ஜப்பானின் யோகோஹாமா எஃப்.மரினோஸ், ஆஸ்திரேலியாவின் சிட்னி எஃப்சி. ஜியோன்புக்கோடு ஒரு ஆட்டத்தில் 1-1, சிட்னியை ஒரு ஆட்டத்தில் 1-0. மூன்றாம் இடத்தில் முடித்தார்கள். வியட்நாம் கிளப்கள் அந்தப் போட்டியில் வாங்கிய பழைய அடிகளைத் தெரிந்தவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. 2021 ஏழு வாரம் தற்செயல் அல்ல என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

ஆனால் 2022 லீக்கில் அந்த வேகம் இல்லை. கோப்பையை ஹனோய் எடுத்துக்கொண்டது. சீசன் முடிந்ததும் தலைமுறை பிரிந்தது. கோங் ஃபுவோங் ஜப்பானின் யோகோஹாமா எஃப்சிக்கு, வான் தோவான் கொரியாவின் சியோல் இ-லேண்டுக்கு, சுவான் ட்ருவோங் ஹாய் ஃபோங்குக்கு, ஹோங் டுய் நாம் தின்னுக்கு, வான் தான் ஹனோய் போலீஸ் அணிக்கு. வான் தான் 2023இலேயே அந்த அணியோடு லீக்கை வென்றார். 2023-24 சீசனில் நாம் தின், 1985க்குப் பிறகு முதல்முறையாக நாட்டின் சாம்பியன் ஆனது. அந்த அணியில் ஹோங் டுய் இருந்தார், கொரியாவிலிருந்து திரும்பிய வான் தோவான் இருந்தார், பாதி சீசனில் வந்து சேர்ந்த துவான் ஆன் இருந்தார். கோங் ஃபுவோங் 2024இல் நாடு திரும்பி இரண்டாம் டிவிஷனில் பின் ஃபுவோக் அணிக்கு ஆடப் போனார். அதுவரை முதல் டிவிஷன் பட்டம் அவருக்குக் கிடைத்திருக்கவில்லை.